‘கெட்’ என்ற ஒரு சொல் படுத்தும் பாடு

தம்பி, அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேச்சுக்குப் பேச்சு ‘கெட்’ (get) என்கிறார்கள், அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது, இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடமே வேண்டாம். நம் ‘பிடி’யை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, குழந்தை அடம் பிடிக்கிறது, வேலைக்கு நேரம் பிடிக்கிறது, ஒருவரை நமக்குப் பிடிக்கிறது. இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்துக் காதில் வாங்கினோம். ‘கெட்’டுக்கும் அதுதான் வழி.

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இல்லாத ஒன்று வந்து சேர்வதுதான் இதன் அடிப்படை. பொருள் வந்தால் கிடைத்தது. ஒரு நிலை வந்தால் ஆனது: ‘இட் இஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரமாகிறது. ஆள் ஓரிடத்துக்கு வந்தால் சேர்ந்தது. சொன்னது மனத்துக்கு வந்தால் புரிந்தது. ‘டிட் யூ கெட் இட்?’ என்று ஒருவர் கேட்டால், அதற்கு முன் நடந்தது என்ன என்று பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் வந்ததா என்கிறார். எதையாவது விளக்கியிருந்தால் புரிந்ததா என்கிறார்.

பலரும் தடுமாறும் இடம் இனிதான் வருகிறது. உங்கள் மேலாளர் ‘கெட் த ரிப்போர்ட் செக்ட்’ என்றால், பொதுவாக அறிக்கையை நீங்களே சரிபார்த்து முடிக்கச் சொல்லவில்லை. வேறொருவரைச் சரிபார்க்கச் சொல்லி வாங்கி வாருங்கள் என்கிறார். கையெழுத்து வாங்குவது என்கிறோமே, அந்த ‘வாங்கு’ இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘ஐ ஃபிக்ஸ்ட் மை கார்’ என்றால் காரை நானே பழுது பார்த்தேன். ‘ஐ காட் மை கார் ஃபிக்ஸ்ட்’ என்றால் (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்) பொதுவாக வேறு யாரோ பார்த்துக் கொடுத்தார்கள். செய்தது யார் என்பதே மாறிவிடுகிறது, ஆகையால் இந்த அமைப்பை மட்டும் முதலில் வசப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘காட் டு’. ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்’ என்றால் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். ‘ஹேவ்’ இல்லாமல், நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. முன்னது கட்டாயம், பின்னது பாக்கியம். பேச்சு வேகத்தில் அந்த ‘ஹேவ்’ தேய்ந்து காணாமலே போய்விடும். அப்போது சொல்கிறவர் நாளை நடக்கப்போவதைச் சொல்கிறாரா, நேற்று நடந்ததைச் சொல்கிறாரா என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

பஸ், ரயில், விமானம் என்றால் ஏறுவதற்கு ‘கெட் ஆன்’, இறங்குவதற்கு ‘கெட் ஆஃப்’. கார், டாக்சி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் பெரும்பாலும் ‘ஆன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் ‘ஹேவ்’ உடன் ‘காட்’டுக்குப் பதில் ‘காட்டன்’ (gotten) என்று சொல்வதைக் கேட்டுக் கொச்சை என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, வட அமெரிக்காவில் தங்கிவிட்டது. அங்கே ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் பெற்றிருக்கிறேன் என்று வேறுபாடும் உண்டு.

பள்ளியில் நமக்கு ‘கெட்’ வரும் இடங்களில் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவை தவறே இல்லை. அலுவல் கடிதத்தில் அவைதான் அழகு. ஆனால் பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்’ என்றால், வீட்டில் ‘தங்கள் மடல் கிடைக்கப்பெற்றேன்’ என்பது போல ஒலிக்கும். பேச்சில் தயங்காமல் ‘காட்’ போடுங்கள்.

கடைசியாக, ‘ஐ வில் கெட் பேக் டு யூ’. பிறகு பதில் சொல்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புதிதாக வந்தவர்கள் நாள்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. அப்படி யாராவது சொன்னால், எப்போது எதிர்பார்க்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதை அலுவலகத்தில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.