‘சும்மா கிண்டல்தானே’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: எனக்குக் காது சரியாகக் கேட்காது, கருவி அணிகிறேன். மீட்டிங்கில் டீம் லீடர் என் பேச்சை இழுத்துப் பேசிக் காட்ட, எல்லோரும் சிரிக்கிறார்கள். பேசி முடிவானதை எழுத்தில் கேட்டால், ‘உனக்கு மட்டும் தனிச் சலுகையா?’ என்கிறார். எச்.ஆரிடம் நேரில் சொன்னேன். ‘விளையாட்டுக்குத்தானே, அனுசரித்துப் போங்கள்’ என்றார்கள். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ?

பதில்: இங்கே நடப்பவை இரண்டு தவறுகள். பழித்துக் காட்டுவது துன்புறுத்தல். எழுத்தில் தர மறுப்பது பாகுபாடு, ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) ‘நியாயமான வசதி’யை, அதாவது அளவுமீறிய சுமையில்லாமல் செய்துதரக்கூடிய மாற்றத்தை, மறுப்பதைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. நாலு வரி மெயில் எந்த அலுவலகத்துக்கும் சுமையில்லை. புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கலந்து எழுதினால், ‘இனி மெயில் அனுப்புகிறோம்’ என்று சொல்லிக் கிண்டலை அப்படியே மூடிவிடுவார்கள்.

‘விளையாட்டு’ என்பது சமாதானமே ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019), தீங்கு செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் விளைவு தீங்காக இருந்தால் அதையும் துன்புறுத்தலில் சேர்க்கிறது. ஒரே ஒரு முறை நடந்தாலும் சேரும்.

அன்றன்றே குறித்து வையுங்கள். ‘கேவலமாகப் பேசினார்’ என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. ‘செவ்வாய் காலை 10.40, மீட்டிங் அறை. நான் “ரிப்போர்ட்” என்றதை மூக்கால் இழுத்து இரண்டு முறை சொல்லிக் காட்டினார். ஐந்து பேர் இருந்தோம். அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை’ என்று எழுதுங்கள். இருந்தவர்களின் பெயர்களும் வேண்டும். இந்தக் குறிப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கவே கூடாது. பிரச்சினை முற்றினால் முதலில் உங்கள் லாகினைத்தான் நிறுத்துவார்கள்.

எச்.ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள்: ‘இன்ன தேதியில் இதைச் சொன்னேன், அனுசரித்துப் போகச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா?’ வாய்ப்பேச்சு பதிவாக மாறுவது இப்படித்தான். ரகசியமாக ஒலிப்பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம். சட்டம் தெரியாமல் இறங்காதீர்கள்.

விசாரணையில் சைகை மொழிபெயர்ப்பாளரோ, பேசுவதை உடனுக்குடன் தட்டச்சு செய்பவரோ வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அதே டீமில் இருப்பவரை அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேலை பற்றிய பயம் நியாயமானது. புகார் தந்தவரைப் பழிவாங்குவதிலிருந்து பாதுகாக்க வேண்டும் என்றும் அந்த 190ஆம் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அதை ஏற்காத நாடுகளும் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் புகாருக்கான காலக்கெடுவையும் தொழிற்சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ உடனே கேளுங்கள். இதுவரை வந்த வேலை மதிப்பீடுகளின் நகல்கள் கையில் இருக்கட்டும். திடீரென்று ‘திறமை போதாது’ என்றால் அவைதான் பேசும். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கேள்வி: சக ஊழியரின் சக்கர நாற்காலியைச் சிலர் விளையாட்டாகத் தள்ளிவிடுகிறார்கள். நான் புகார் தரலாமா?

பதில்: முதலில் அவரைக் கேளுங்கள், அவர் விருப்பமே முக்கியம். கண்ணெதிரே நடந்தால், ‘கையை எடுங்கள், அவரைக் கேட்காமல் தொடாதீர்கள்’ என்று அங்கேயே சொல்லுங்கள். நாற்காலியைத் தொடுவது அவர் உடம்பைத் தொடுவதுதான். பார்த்ததை அன்றே எழுதி வையுங்கள். அவர் புகார் தரும் நாளில் உங்கள் சாட்சி தேவைப்படும்.