கத்தியா, கரன்ட்டா? அப்பாவைக் கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். பயாப்சியில் புராஸ்டேட் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 34, பயாப்சியில் புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் 8. எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லை. கோவையில் ஒரு டாக்டர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார். இன்னொருவர் கதிர்வீச்சும் இரண்டு வருடம் ஹார்மோன் ஊசியும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அப்பாவிடம் ‘சிறுநீர்ப் பாதையில் கட்டி’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டு டாக்டர்களில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பி.எஸ்.ஏ. 20-ஐத் தாண்டினாலோ, கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ ‘அதிக ஆபத்துள்ள வகை’ என்று பெயர். அப்பாவுக்கு இரண்டுமே இருக்கின்றன. ஆனாலும் நோய் வெகுதூரம் பரவாதவரை, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள். கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையல்ல. அந்தப் பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. யோசிக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடு இருக்க வேண்டும். அதை எடுத்த பிறகு சில மாதங்களுக்குச் சிறுநீர் கசியும். சிலருக்கு அது முழுதாக நிற்பதில்லை. விறைப்புத்தன்மையும் பாதிக்கப்படும். பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்காவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, பிறகு கதிர்வீச்சும் தேவைப்படும். அப்பாவின் எண்களைப் பார்த்தால், அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டே அறுவைக்குப் போக வேண்டும்.

ஊரில் ‘கரன்ட் வைப்பது’ என்கிறார்களே, அதில் மின்சாரம் எதுவும் உடம்பில் ஏறுவதில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்தான், வலிக்காது. இந்த வகை நோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் போதாது, ஹார்மோன் ஊசியும் வேண்டும். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுநோய்க்குத் தீனி என்று 1941-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஹார்மோன் சுரப்பதை அடக்கத்தான் இந்த ஊசி. 1997-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் கதிர்வீச்சோடு மூன்று வருடம் ஊசியும் போட்டவர்களில் ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 79 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 62 சதவீதம். ஊசியை ‘கூடுதல் செலவு’ என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். செலவைக் காரணம் காட்டி, ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விரைகளையே அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அது திரும்பப் பெற முடியாத முடிவு என்பதை நினைவில் வையுங்கள். ஊசியை நிறுத்தினால் பலருக்கு ஹார்மோன் மெல்ல மீள்கிறது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் எட்டு வாரம் வரை நடக்கும். ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். கோத்தகிரியில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது 67 வயதுக்காரருக்கு வதை. மருத்துவமனைக்குப் போன பிறகு, அவர்கள் சொல்லும் நேரத்தில் குடித்தால் போதும். முடிந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை கோவையிலேயே தங்கிவிடுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள்.

இரண்டு டாக்டர்களிடமும் கேட்க வேண்டியவை: பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுக்கலாமா? எலும்பு ஸ்கேனில் அகப்படாத சிறு பரவலை அது காட்டக்கூடும்; அப்போது திட்டமே மாறலாம். எம்.ஆர்.ஐ.யில் நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா? தாண்டியிருந்தால், ஊசியோடு, ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராட்டரோன் மாத்திரையும் சேர்க்க வேண்டுமா?

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். ‘கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.’ அன்பினால்தான் மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஊசி தொடங்கிய பிறகு, டிசம்பர் குளிரில் நீங்கள் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது, அவர் மட்டும் நடுராத்திரியில் உடம்பெல்லாம் கொதித்து, போர்வையை உதறிவிட்டு வியர்வையோடு எழுந்து உட்காருவார். தாம்பத்திய ஆசை வற்றும். இலைச் சாக்கைத் தூக்கும்போது கை சோரும். எலும்பு மெலிவதால் தோட்டச் சரிவில் ஒரு சறுக்கல்கூட முறிவாகலாம். காரணம் தெரியாவிட்டால் ‘எனக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று தனக்குள்ளேயே புழுங்குவார். தெரிந்தால் தினமும் நடப்பார், கால்சியம் மாத்திரையை விடமாட்டார், சர்க்கரையைப் பார்த்துக்கொள்வார்.

சிறுநீர்க் கசிவோடு தோட்டத்துக்குப் போவதா, இரண்டு வருடம் சோர்வோடு இருப்பதா என்பதை, அந்த உடம்பில் வாழப்போகிற அவர்தான் சொல்ல வேண்டும். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் கதிர்வீச்சுப் பக்கம் சாயலாம். மற்றபடி அவர் விருப்பத்துக்கு நிறைய இடமிருக்கிறது.

இன்று மாலை அவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். ‘அப்பா, இது புற்றுநோய். வைத்தியம் இருக்கிறது. இரண்டு வழி சொல்கிறார்கள்.’ அடுத்த முறை கோவைக்குப் போகும்போது டாக்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அவர் உட்காரட்டும். நீங்கள் ஃபைலோடு பின்னால் இருங்கள்.