கட்டினவன் பேரு, வருஷம்

கேள்வி: என் மருமகளின் தாத்தா பஞ்சாபி. 1947-ல் பத்து வயதில் லாகூரிலிருந்து உயிர் தப்பி டில்லிக்கு ஓடி வந்தவர். அவர் சொல்வதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. அவர்கள் நமக்குச் செய்ததைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தானே வளர்க்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சொல்லுங்கள். பாதியில் நிறுத்தாமல் சொல்லுங்கள். ('நமக்கு' என்கிறீர்கள். சம்பந்தம் செய்த பாசம், புரிகிறது.)

முப்பது வருஷத்துக்கு முன் டில்லி கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரப் பாட்டியும் லாகூர்தான். விட்டு வந்த வீட்டுக்கு எத்தனை படி, எந்த ஜன்னலில் காலை வெயில் விழும், முற்றத்தில் என்ன மரம் எல்லாம் ஒப்பிப்பார். அழுவார். கேட்டு நானும் கண்ணைத் துடைத்திருக்கிறேன். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு நிலைக்கு மேலே, எத்தனையோ முறை வெள்ளையடித்தும் மறையாமல், உருதுவில் இரண்டு வரி இருந்தது. வீட்டுக்காரர் உருது வாசிப்பார். அந்தக் காலத்துப் பஞ்சாபில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததே உருதுதான். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "கட்டினவன் பேரு, வருஷம்" என்றார். பேச்சு அத்தோடு சரி. பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிரிவினையில் டில்லிக்கு வந்து சேர்ந்த ஹிந்து, சீக்கிய அகதிகள் சுமார் 5 லட்சம். டில்லியை விட்டுப் போன முஸ்லிம்கள் 3 லட்சத்துக்கு மேல். நீங்கள் டூரில் போட்டோ எடுத்துக்கொண்ட ஹுமாயூன் கல்லறையும் புராணா கிலாவும் அன்று அவர்கள் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த முகாம்கள். அதே மாதங்களில் அமிர்தசரஸிலிருந்து தப்பி லாகூர் வால்ட்டன் முகாமில் போய் விழுந்த ஒரு பத்து வயதுப் பையன், இன்று கிழவனாகி, 'அவர்கள் நமக்குச் செய்தது' என்று தன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

செத்தவர்கள் 10 லட்சம் வரை என்கிறார்கள். அத்தனை பேரை வெட்டியவர்களுக்கும் பேரப் பிள்ளைகள் இருக்கத்தானே வேண்டும்? 'எங்க தாத்தா வெட்டினார்' என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எல்லோருடைய தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றியவர்தான்.

அடுத்த முறை அந்தப் பெரியவர் லாகூர் வீட்டைச் சொல்லி முடித்ததும், டில்லியில் முதலில் குடியேறியது யார் வீட்டில் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கூடாரம் என்று சொல்லலாம். குருக்ஷேத்திர முகாம் என்று சொல்லலாம். எழுந்து உள்ளே போனாலும் போகலாம்.