தோட்டச் சம்பளம்: பதாகையில் எந்தத் தொகையை எழுதுவது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். 2025 ஓகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மா 21 நாள் மலைக்குப் போயிருக்கிறார். அதில் 15 நாளுக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), 6 நாளுக்கு அரைப் பேர் (பாதிச் சம்பளம்). பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வந்தது 19 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அவர் கேட்பது இரண்டு: "சட்டப்படி நாளுக்கு 1,350 ரூபா என்கிறார்கள், அரைப் பேர் போட இவர்களுக்கு உரிமை உண்டா? எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு போராட்டம் தொடங்கப் பார்க்கிறோம். 2,000 ரூபா கேட்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எதைக் கேட்பது சரி?"

சரி, முதலில் சீட்டு.

பதினைந்து முழுப் பேரும் ஆறு அரைப் பேரும் சேர்ந்தால் 18 முழுப் பேர். 18 x 1,350 = 24,300 ரூபா. 21 நாளுக்கும் முழுப் பேர் விழுந்திருந்தால் 28,350. அம்மாவுக்கு ஒரே மாதத்தில் 4,050 ரூபா போயிருக்கிறது. கம்பனி அத்தோடு, அந்தத் தொகைக்குக் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதத்தையும் மிச்சம் பிடிக்கிறது. அது இன்னொரு 607 ரூபா 50 சதம். ஆக, ஒரு பெண்ணிடம் ஒரு மாதத்தில் 4,657 ரூபா 50 சதம். மலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்த அரைப் பேர் எப்படி விழுகிறது என்பதையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தோட்டம் கேட்பது நாளுக்கு 20 கிலோ. காலை, மதியம், மாலை என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கிறார்கள். அப்படியானால் அம்மா 24 கிலோ பறித்தாலும் பதிவில் 18 தான். அரைப் பேர்! கழித்த 6 கிலோவும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. தண்ணீரும் சாக்கும் மட்டும் அத்தனை பாரம் இருக்காது.

தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை முடிவு செய்யும் சம்பள நிர்ணய சபை தேயிலைத் தொழிலுக்கு நிர்ணயிப்பது ஒரு நாள் வேலைக்கான சம்பளம். கிலோக் கணக்கு கூட்டு ஒப்பந்தத்தோடும் தோட்டத்து வழக்கத்தோடும் வந்தது. முன்பு முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் போடும்போது, இத்தனை கிலோ என்பது குறைந்தபட்சம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகவாவது இருந்தது. 2021இல் 1,000 ரூபா சம்பளம் சபை வழியாக வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன் பிறகு கிலோவை நிர்ணயிப்பது தொரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், வாய்தான். சம்பளம் கூடியது என்று நாங்கள் பட்டாசு கொளுத்திய நேரத்தில் கிலோவும் சத்தமில்லாமல் கூடியது.

இன்னொரு பிடியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் ஓர் அடிமட்டம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அது நாளுக்கு 1,080 ரூபா ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 1,200. உங்கள் அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மாலை நிறுவை முடியும்வரை மலையில் நின்றவர். அந்த நாளுக்கு அவருக்கு விழுந்தது 675 ரூபா. நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு நாட்டின் அடிமட்டத்துக்கும் கீழே கொடுக்க ஒரு தோட்டத்துக்கு எப்படி முடியும்? தொழில் திணைக்களத்துக்குப் போகும் முறைப்பாட்டில் நான் முதலில் வைக்கும் வாதம் இதுதான். அரை நாளில் வீட்டுக்குத் திரும்பியவருக்கு இது பொருந்தாது. அதனால் அம்மா முழு நாளும் நின்றார் என்பதைக் காட்டுவது முக்கியம். மூன்று நிறுவையிலும் அவர் பெயரில் கொழுந்து பதிவாகியிருந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இன்றிலிருந்து ஒரு சின்னக் கொப்பியில் திகதி, மூன்று நிறுவை, கழித்த கிலோ, விழுந்தது முழுப் பேரா அரைப் பேரா என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பக்கத்து லயத்துப் பிள்ளை எழுதட்டும். பத்துப் பெண்களின் கொப்பிகள் ஒரே மாதிரிப் பேசினால் தோட்டத்தின் செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவு) புத்தகத்தோடு வைத்துப் பார்ப்பது அதிகாரிக்குச் சுலபம்.

இனி போராட்டம். 2,000 ரூபா என்று எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் அந்த 2,000இல் எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்று எழுதாவிட்டால், 2015க்குப் பிறகு எங்களுக்கு நடந்ததே திரும்பவும் நடக்கும்.

1,000 ரூபா கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016 ஒக்டோபரில் ஒப்பந்தம் வந்தபோது 730 ரூபா என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500 மட்டும். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலையை வைத்து வரும் விலைப் பங்கு 30. அந்த 60 ரூபா, வேலை கொடுத்த நாளில் முக்கால்வாசிக்கு வந்தவருக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்றால் மாதம் முழுக்க அது இல்லை. 140 ரூபா, சொன்ன கிலோவை எடுத்தவருக்கு. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். கொழும்பில் கடையிலும் கந்தோரிலும் வேலை செய்த பிள்ளைகள்தான் அதிகம், உங்களைப் போல. 2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது, மேலே 50 விலைப் பங்கு. மொத்தம் 750. முந்திய 730ஐ விட 20 ரூபாதான் கூட என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அடிப்படை 500இலிருந்து 700க்குப் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. என் கணக்கில் அந்தப் போராட்டம் பெற்ற பெரிய பலன் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நாளுக்கு 200 ரூபா ஊக்குவிப்பாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு, உற்பத்தி என்று வரும் ஊக்குவிப்பு சேமலாப நிதிக் கணக்கில் ஏறுவதில்லை. அதே 200 அடிப்படையில் இருந்தால் கம்பனி 15 வீதம் மேலதிகமாகப் போட வேண்டும்: நாளுக்கு 30 ரூபா, 25 நாளுக்கு 750. அதோடு சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். 200 ரூபா வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 2,800. முப்பது வருடம் வேலை செய்த அம்மாவுக்கு 84,000 ரூபா. ஊக்குவிப்பு என்று போட்டால் இந்தக் காசு எங்கேயும் இருக்காது.

2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது: 1,350 சம்பளம், 350 மேலதிகம். கம்பனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் 350 கழன்று 1,350 நின்றது. 1,350 முழுவதும் அடிப்படை என்பதால் அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்தார்கள். அதையும் பிரித்துப் படியுங்கள்: கம்பனி கொடுப்பது 1,550. மிச்ச 200 அரசாங்கம் கொடுக்கும் வரவு ஊக்குவிப்பு.

இந்த 200ஐப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து ஆட்கள் வரி கட்டாதவர்கள் என்று பஸ்ஸில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். வருமான வரி கட்டும் அளவுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரத்திலும் போன் ரீலோட்டிலும் அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தத் திறைசேரியிலிருந்து 200 எடுத்து, தனியார் கம்பனி கொடுக்க வேண்டிய சம்பளத்தை நிரப்புவது அம்மாவின் ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து மற்றதில் போடுவதுதான். கிடைப்பதை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் பதாகையில் "கம்பனி கொடுக்கும் அடிப்படை" என்று எழுதுங்கள்.

அப்புறம் டொலர். 2015இல் 1,000 ரூபா கேட்டபோது அது சுமார் 7 டொலர். 2021இல் அது கையில் கிடைத்தபோது 5 டொலர். அடுத்த வருடம் ரூபா விழுந்ததும் 3 டொலர்கூட இல்லை. 2025இல் 1,350 என்பது 300 ரூபாக் கணக்கில் நாலரை டொலர். ஏற்றுமதித் தேயிலை விற்பது டொலருக்கு. ஆகவே வெறும் ஒரு தொகையைக் கேட்டு ஆறு வருடம் காத்திருந்தால், வரும்போது அது கரைந்திருக்கும். வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு ஒவ்வொரு வருடமும் ஏற வேண்டும் என்பது உங்கள் இரண்டாவது கோரிக்கையாக இருக்கட்டும். கிலோவையும் கழிவையும் எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும் என்பது மூன்றாவது. என்னைக் கேட்டால் மூன்றாவதைத்தான் முதலில் பிடிப்பேன். அதற்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை, தோட்ட ஆபீஸ் வாசலிலேயே தொடங்கலாம்.

கோரிக்கை யாரிடம் போக வேண்டும் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். மந்திரியிடம் மனுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறைய இயக்கங்கள் முடிந்துவிடுகின்றன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். மறுவருடம் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் அந்தச் சபையில்தான் தொகை முடிவாகிறது. முதலாளி தரப்பு, தொழிற்சங்கத் தரப்பு, அரசு நியமித்தவர்கள் மூவரும் அங்கே உட்காருகிறார்கள். சபை ஒரு முடிவுக்கு வந்ததும், ஆட்சேபனை இருந்தால் எழுதுங்கள் என்று வர்த்தமானியில் அறிவித்தல் வரும். அந்த நாட்களில் கம்பனிகளின் சட்டத்தரணிகள் கட்டுக்கட்டாக எழுதுவார்கள். எங்கள் பக்கம் சங்கத் தலைவர்கள் மேடையில் பேசுவதோடு சரி. தோட்டத்துப் பெண்கள் கையெழுத்திட்டு, சம்பளச் சீட்டின் பிரதி இணைத்து எழுதும் கடிதங்கள் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். அங்கே உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதி யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதாமாதம் சீட்டில் சந்தா வெட்டுகிறார்கள் அல்லவா, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

போராட்டம் வரும்வரை அம்மாவின் காசை விட்டுவிட வேண்டாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். சீட்டின் பிரதி, கொப்பியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி மூன்றும் போதும். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். "சங்கத்துக்கூடாக வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால், தனி ஆளாக முறைப்பாடு செய்ய எந்தத் தடையும் இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். தோட்டம் சேமலாப நிதியை எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழில் திணைக்களத்திடமே கேட்கலாம். சீட்டில் 8 வீதம் வெட்டியிருப்பதால் மட்டும் அந்தக் காசு மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். அரச தோட்டங்கள் வருடக்கணக்கில் கட்டாமல் விட்ட கதை ஊரறிந்தது.

கடைசியாக, சீட்டில் அம்மாவின் பெயர் "முத்துலெச்சுமி" என்றும் நீங்கள் அனுப்பிய அடையாள அட்டையில் "முத்துலட்சுமி" என்றும் இருக்கிறது. சேமலாப நிதியில் அங்கத்தவரின் விபரம் பதியும் பி அட்டையில் மூன்றாவதாக ஒரு விதம் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஓய்வுபெறும் நாளில் இதைத் திருத்தப் போனால் சத்தியக் கடதாசி, கிராம சேவகர், தோட்ட ஆபீஸ் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பி அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ திருத்த வேண்டியிருந்தால், அம்மா வேலையில் இருக்கும்போதே, தோட்ட ஆபீஸ் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய கட்டாயம் இருக்கும்போதே, முடித்துவிடுங்கள்.