முதலில் உங்கள் தட்டு

அன்பின் அக்காவுக்கு,

வீட்டுச் சமையல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் வாசிப்பவள் நான். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியுமாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவர், ஒருவனுக்குப் பதின்மூன்று வயது, மற்றவளுக்கு எட்டு. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு மாதம் 55,000 ரூபா கையில் வரும். இருபதாம் திகதிக்குள் அது முடிந்துவிடுகிறது. பிறகு சந்திக் கடையில் கொப்பியில் எழுதித்தான் வாங்குகிறேன்.

"விலைவாசி குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் போதவில்லை?" என்று கணவர் கேட்கிறார். என்னைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

நான் வீண்செலவு செய்பவள் அல்ல. முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மீன் என்றால் அவருக்கும் பிள்ளைகளுக்கும். மாமிக்கு ஒரு துண்டு. எனக்குக் குழம்பு போதும், பழகிவிட்டது. சில இரவுகளில் தேநீரும் ஒரு துண்டு பாணும் போதும். கொஞ்ச நாட்களாகப் படி ஏறும்போது தலை சுற்றுகிறது, வெயிலாக இருக்கலாம். இன்னும் எதைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள் அக்கா.

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "எனக்குக் குழம்பு போதும், பழகிவிட்டது." இன்னும் எதைக் குறைக்கலாம் என்று கேட்கிறீர்கள். குறைக்கவே கூடாத ஒன்றை ஏற்கெனவே குறைத்துவிட்டீர்கள். அதை மீட்ட பிறகுதான் மற்றக் கணக்கெல்லாம்.

என் அம்மாவும் இப்படித்தான் வீடு நடத்தினார். ஒருமுறை மயங்கி விழுந்தவரை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தாதி கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். "மீன் குழம்பு, கீரை, பருப்பு" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது நாங்கள் சாப்பிட்டதை. மீன் எங்கள் தட்டுகளுக்குப் போனது. அவர் தட்டுக்குக் குழம்பு மட்டும் போனது. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் சமைத்ததெல்லாம் தான் சாப்பிட்டது என்றே நம்பியிருந்தார். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் உங்கள் தலைசுற்றை வெயிலின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரமே பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். அங்கே கட்டணம் இல்லை. இரும்புச்சத்துக் குறைந்தாலும் இப்படித் தலை சுற்றும். வேறு காரணமும் இருக்கலாம். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. நல்ல கேள்வி, நேரான பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முந்தைய செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு அந்தச் செப்டெம்பரில் ஏறக்குறைய 195 ரூபா. அடுத்த ஆண்டு பொதுப் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது என்ற செய்தி வந்தது. இறங்கியது விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். ஒருவர் ஒரு மாதம் வாழக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு வறுமைக் கோடு போடுகிறது. 2025இல் அது நாடு முழுவதற்குமாக 16,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. கொழும்பு மாவட்டத்தின் கோடு எல்லா மாவட்டங்களையும்விட உயரம். சாப்பாடு, உடுப்பு, பஸ், மருந்து எல்லாம் சேர்ந்த தொகை அது. ஐந்து பேருக்குப் பெருக்கினால் 80,000 ரூபாவுக்கு மேல். சாப்பாட்டுக் காசோடு வாடகை, மின்சாரம், படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் வீடு அந்தக் கோட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அங்கே நிற்கும் ஒரு வீட்டில் இருபதாம் திகதியோடு காசு முடிந்தால், அதைச் சமைப்பவளின் கைப்பிழை என்று நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். இதே நாட்டில் 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஊரே எழுந்து ஹர்த்தால் செய்தது. பிரதமர் பதவி விலகினார். அன்று அதை எந்தக் குசினிக்காரியின் தலையிலும் யாரும் கட்டவில்லை.

சரி, 55,000 ரூபா. எங்கே போகிறது என்று பார்ப்போம். எல்லோரும் அரிசியையே முதலில் நினைக்கிறார்கள். 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்கு வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. ஐந்து பேருக்கு மாதம் 35 கிலோ என்றால் 8,050 ரூபா. தேங்காய்? நாளுக்கு ஒன்று, 200 ரூபா என்று வையுங்கள். மாதம் 6,000 ரூபா. சோற்றுக்குப் போடும் காசின் முக்கால்வாசியைச் சொதிக்கும் சம்பலுக்கும் கொடுக்கிறோம்! வளவில் தென்னை நின்ற ஊர்களிலிருந்து வந்த பழக்கம் இது. நம் பாட்டிமார் தேங்காயைக் காசாக எண்ணியதே இல்லை. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம் மழை தவறினால், பாளை வெடித்துக் காய் முற்றுவதற்கு ஒரு வருடம் போவதால், அந்த வறட்சி பிந்தித்தான் நம் வீட்டுக்கு வரும். அதனால் நல்ல மழைக்காலத்திலும் தேங்காய் விலை ஏறி நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தேங்காயை விடச் சொல்லவில்லை. சொதி இல்லாத இடியப்பத்தை நானும் விரும்பமாட்டேன். கிழமையில் மூன்று நாட்கள் தேங்காய் உடைக்காத நாட்களாக இருக்கட்டும். அந்த நாட்களில் புளிக்குழம்பு, ரசம், தாளித்த பருப்பு, கீரைக் கடையல். மற்ற நாட்களில் பாதித் தேங்காய்க்குப் பால் எடுங்கள், சம்பல் ஒரு நேரத்துக்கு மட்டும். திருவிய பூவை இளஞ்சூட்டு நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பிழிந்தால் பால் கூடுதலாக வரும். கண் இருக்கும் பாதி சீக்கிரம் கெடும், அதை முதலில் முடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மாதம் ஏறக்குறைய 3,000 ரூபா மிஞ்சும். அந்த 3,000 ரூபாவை எங்கே போட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொப்பிக் கடனைப் பற்றி. சந்திக் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். 2022இல் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அவர்கள் கொப்பியை மூடாததால்தான். ஆனால் கொப்பியில் வாங்கும்போது நாம் விலை கேட்பதில்லை. ஐம்பது கிராம், நூறு கிராம் என்று வாங்குகிறோம். சம்பளம் வந்ததும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடியும் வெறுங்கையோடு நிற்கிறோம். ஒரே மாதத்தில் இதிலிருந்து வெளியே வர முடியாது. மாதத்துக்கு ஒரு சாமானாக வெளியே எடுங்கள். முதல் மாதம் பருப்பு. உங்கள் கணவர் வேலை செய்வது புறக்கோட்டையில்! நான்காம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகள் அவருக்கு நடை தூரம். சம்பளம் வந்த அன்றே நாலைந்து கிலோ பருப்பைக் காசு கொடுத்து வாங்கி வரட்டும். அடுத்த மாதம் வெங்காயமும் செத்தல் மிளகாயும். பிறகு அரிசி. பக்கத்து வீட்டாரும் சேர்ந்தால் ஒரு மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

பருப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் எடையில் ஏறக்குறைய கால்வாசி புரதம். சோற்றில் குறைவாக இருப்பதைப் பருப்பு நிரப்புகிறது, பருப்பில் குறைவதைச் சோறு நிரப்புகிறது. ஆனால் தண்ணீராக நீட்டிய பருப்பில் அந்தப் பலன் இல்லை, கெட்டியாக வையுங்கள். பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் என்று ஏதாவது ஒரு கீரையோடு தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். தேநீரும் பாணும் என்ற உங்கள் இரவுச் சாப்பாடு எனக்குக் கவலை தருவது இதனாலும்தான்.

பால்மா வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கினால், பெரியவர்களின் தேநீருக்கு அதைப் போடாதீர்கள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ போதும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். மீனில் பெரிய மீனின் துண்டுகளைக் கனவு காண வேண்டாம். சூடையும் சாளையும் வாங்குங்கள். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு பொரித்துச் சாப்பிட்டால் எலும்புக்கு வேண்டிய கல்சியம் கிடைக்கும், மாமிக்கும் அது நல்லது.

மரக்கறிக்கு அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, சந்தையில் மலிந்ததை வாங்குவதை நீங்களே அறிவீர்கள். பலாக்காயை மட்டும் மறக்க வேண்டாம். சிங்களத்தில் பலாவைச் சோற்று மரம் என்பார்கள். "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்று மக்கள் அழைத்த ஆதர் வீ. டயஸ் நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கமே நடத்தியவர். அவித்த பலாக்காயும் சம்பலும் ஒரு நேரச் சோற்றுக்கு ஈடு. காலம் வரும்போது ஈரப்பலாக்காயும் அப்படியே.

குறைந்த வருமான வீடுகளுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் வரிப்பணமும்தான். ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம்.

இனி அந்த 3,000 ரூபா. அது முழுவதும் முட்டைக்கும் சின்ன மீனுக்கும் போகட்டும். இரவில் ஐந்து தட்டையும் ஒன்றாக எடுத்து வைத்து, யாரும் உட்காருவதற்கு முன்பே ஐந்திலும் பரிமாறிவிடுங்கள். முட்டை மூன்றுதான் இருக்கிறதா, பொரித்து ஐந்தாக வெட்டுங்கள். சட்டியில் மிஞ்சுவது உங்களுக்கு என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் கை கூசும். உங்கள் பங்கை மகனின் தட்டில் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைப் பார்த்துப் பழகும் வயதுதான்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில், முந்தின நாள் உங்கள் தட்டில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் சமைத்ததை அல்ல, உங்கள் தட்டில் இருந்ததை.

அன்புடன்,
அக்கா