கப்பல் வருதாம்

வணக்கம் ஐயா,

எனது ஊர் மல்லாவி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மாத்தளனில் இருந்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு ஐந்து வயது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைச் சமவாயத்தை இப்போது படிக்கிறோம். தடுக்கும் கடமை முதலாம் உறுப்புரையிலேயே இருக்கிறதே, பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை? 2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் நடந்தது வெளியே தெரியாது என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

தெரியாது என்ற கதையைத் தூக்கி ஒருபக்கம் வையுங்கள். செய்மதிப் படங்கள் இருந்தன. 2009 பெப்ரவரியில் இருந்து செஞ்சிலுவைக் கப்பல் புதுமாத்தளனில் காயக்காரரை ஏற்றிப் போனது. கொழும்பில் ஐ.நா. அலுவலர்கள் செத்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். அது 7,000-ஐத் தாண்டியது. ஆனால் முழுக் கணக்கையும் வெளியே விடவில்லை. வாயைத் திறந்தால் நிவாரண லொறிகளை உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம். கடைசியில் லொறியும் நின்றுபோனது. தாங்கள் தவறிவிட்டதை 2012இல் ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கையே ஒத்துக்கொண்டது.

சரி, ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்றுதான் நான் கேட்பேன்.

2008 செப்டெம்பரில் அரசு, ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் பார்த்து, வன்னியில் உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை, வெளியேறுங்கள் என்றது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகக் கேற்றடியில் சனம் கூடிவிட்டது. நானும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வயதான அம்மா வாகனத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கோ, நீங்கள் இருந்தால் அடிக்கமாட்டாங்கள்" என்றா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பொடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 16ஆம் திகதி போய்விட்டார்கள்.

ருவாண்டா இனப்படுகொலையிலும் இதேதான். 1994இல் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பாடசாலையில் 2,000 பேரளவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த பெல்ஜியப் படையினரை நம்பி ஒதுங்கியிருந்தார்கள். ஏப்ரல் 11 படை கிளம்பியது. அன்றே கொலை தொடங்கியது. அடுத்த பத்து நாளில் பாதுகாப்புச் சபை, 2,500 பேரளவில் இருந்த அமைதிப்படையை 270ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. கொடுமை என்னவென்றால், அந்த நேரம் கொலையை நடத்திய ருவாண்டா அரசும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்! வாஷிங்டனில் 'இனப்படுகொலைச் செயல்கள்' என்றார்கள், 'இனப்படுகொலை' என்று சொல்ல நா எழவில்லை. சொன்னால் கடமை தலையில் ஏறிவிடும். 2007இல் பொஸ்னியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், பாரதூரமான ஆபத்து இருப்பது தெரிந்த கணமே தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்றது. எங்களுக்கு நடந்தபோது அந்தத் தீர்ப்புக்கு இரண்டு வயது.

ஆனாலும் பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் நாங்கள் ஒருநாளும் ஏறவில்லை. சீனாவும் ரஷ்யாவும் உள்நாட்டு விவகாரம் என்றன. மற்றவர்களுக்கும் அது வசதி. 'பயங்கரவாத ஒழிப்பு' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் நல்ல விலை. வெளியேறப் பார்த்த சனத்தைப் புலிகள் இயக்கம் மறித்ததும் சுட்டதும் அந்த விலையைக் கூட்டிவிட்டது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், நான் அங்கே நின்றவன். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஒன்பதாம் நாள், மே 27, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அரசைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. இந்தியா உட்பட 29 நாடுகள் ஆதரவு.

பங்குனி மாதம் வலைஞர்மடத்தில் இருந்தோம். மனைவி கூறைச்சேலையை வெட்டிப் பை தைத்து, மண் நிரப்பிப் பங்கரைச் சுற்றி அடுக்கினா. அப்போதுதான் அந்தக் கதை கிளம்பியது. அமெரிக்கக் கப்பல் வருதாம், சனத்தை ஏத்தப் போறாங்களாம். பக்கத்துப் பங்கர்க்காரர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, விடியப்புறம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இண்டைக்குக் கடல் பிழை, அதுதான்" என்பார். தூரத்தில் நின்றவை கடற்படைப் படகுகள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், கப்பல் கதை அவவுக்கும் ஞாபகம் இருக்கும்.