டிஎம்எஸ் (தலையில் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் மனச்சோர்வு சிகிச்சை) 12 அமர்வு முடிந்தும் மாற்றம் தெரியவில்லை. ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுத்தால் பலன் கூடுமா?

கூட வாய்ப்பு உண்டு. ஆனால் ஆளுக்கேற்ப என்றதும் எல்லோரும் விலை கூடிய ஸ்கேனைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால், பெரிய செலவில்லாமல் சரிபார்க்க வேண்டியவை இருக்கின்றன. என் அக்காவுக்கு அங்கேதான் தவறியது.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். மனச்சோர்வுக்கு இரண்டு மருந்து மாற்றியும் அக்கா தேறவில்லை. டிஎம்எஸ் பார்க்கலாம் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ். முதலில் போன இடத்தில் முதல் நாள் மட்டும் அளவெடுத்தார்கள். அதன்பின் தலையில் தொப்பியை மாட்டி, அதில் போட்ட புள்ளியில் காந்தச் சுருளை வைப்பார்கள். அக்காவுக்கு அடர்த்தியான முடி. கொண்டை போட்ட நாள் தொப்பி ஒரு மாதிரி உட்காரும், பின்னல் போட்ட நாள் வேறு மாதிரி. பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. 20 அமர்வு ஆனதும், "எனக்கு எதுவும் கேக்காதுடா, விட்டுரு" என்றாள்.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "கட்டைவிரல் அளவு எவ்வளவுங்க வந்துச்சு? மாத்திரை மாத்தினப்புறம் திரும்பப் பாத்தாங்களா?" அளவு என்ன என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. திரும்பப் பார்க்கவும் இல்லை.

அந்த அளவு இதுதான்: இடப்பக்க மூளையில் வலது கட்டைவிரலை அசைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, பத்து முறை காந்தத் துடிப்பு கொடுத்தால் ஐந்து முறையாவது விரல் துடிக்கிற மிகக் குறைந்த பலம் எது என்று பார்ப்பார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாக அதில் 120 சதவீதம் கொடுப்பார்கள். சுருளுக்கும் மூளைக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் இந்த அளவும் வேறு. மாத்திரையும் இந்த அளவை மாற்றும். கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் சாப்பிட்டால் கூடுதல் பலம் தேவைப்படும். தூக்கம் கெட்டாலோ வலிப்பு அபாயம் கூடுகிறது. அதையும் தினமும் கேட்க வேண்டும்.

அடுத்தது, சிகிச்சைக்குச் சுருளை வைக்கும் இடம். விரல் துடித்த இடத்திலிருந்து 5 செ.மீ. முன்னால் என்பது பழைய கணக்கு. சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் அதே 5 செ.மீ.! 2001-இல் ஒரு ஜெர்மன் குழு 22 பேரிடம் சரிபார்த்தபோது 7 பேருக்கு மட்டுமே உத்தேசித்த இடத்தில் விழுந்திருந்தது. தலைச் சுற்றளவையும், மூக்கு முதல் பின்மண்டை வரையும், காது முதல் காது வரையும் டேப்பால் அளந்து இடம் குறிக்கும் முறை இதைவிட மேல். டாக்டரம்மா அப்படித்தான் குறித்தார். முடியைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு வரச் சொன்னார். மூன்றாவது வாரம் பஸ்ஸில் அக்கா தானாகவே ஜன்னல் சீட் கேட்டாள். அளவெடுத்ததால் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையும் மாறியிருந்தது.

இனி ஸ்கேன். ஸ்டான்ஃபோர்டில் ஒவ்வொருவரின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பையும், மூளை இயங்குவதைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்து இடம் தேர்ந்து, நாளுக்கு 10 அமர்வாக 5 நாள் கொடுத்தார்கள். பலன் வேகமாகத் தெரிந்தது; 2022-இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் பலன் இடத்தாலா, அவ்வளவு நெருக்கிக் கொடுத்ததாலா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. 2024-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 255 பேர். எல்லோருக்கும் எம்ஆர்ஐ வழிகாட்டலோடு இடம் பிடித்தார்கள். ஒரு பாதிக்கு இணைப்பையும் பார்த்து. இரண்டு குழுவினரும் தேறினார்கள், வித்தியாசம் இல்லை. அதனால் கடன் வாங்கி அந்த ஸ்கேனுக்கு ஓடாதீர்கள் என்பது என் கருத்து.

12 அமர்வில் முடிவுக்கு வர வேண்டாம். வழக்கமான சுற்றே ஆறு வாரம், ஏறத்தாழ 30 அமர்வு. நாளைக்குப் போகும்போது கட்டைவிரல் அளவு என்ன, எந்தத் தேதியில் எடுத்தது, இடத்தை எப்படிக் குறித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இடையில் மாத்திரை மாறியிருந்தால் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம்.